ஏரிக்கரையில் ஒரு மார்கழிப் பாடம்

(அரையாண்டு விடுமுறையில் எங்கள் ஊர் வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

விழாத் தலைவராக வீற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, எனக்கு எழுத்தறிவித்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, ஒரே மேடையில் அமர்ந்து நம் ஊரின் பெருமையைக் காட்டும் கோயில் அறங்காவலர், பங்குத்தந்தை, இமாம் ஆகிய பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பனியில் நின்று பந்தலிட்ட இளைஞர்களுக்கு என் தனி நன்றி.

தனிமரம் தோப்பாகாது என்று நான் ஏறிய மேடைகளில் எல்லாம் சொல்லி வருகிறேன். மார்கழிக் கோலம், ஏரிப் பறவை, பனியில் முற்றும் நெற்கதிர் ஆகிய மூன்றும் ஓர் ஊர் கூடி வாழ்வதற்குத் தரும் ஆன்மிகப் பாடங்களைச் சொல்ல வந்திருக்கிறேன். முதலில் பறவைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு இதே விடுமுறையில் நம் பிள்ளைகளை வேடந்தாங்கலுக்கு அழைத்துச் சென்றோம். பேருந்தில் பாட்டும் கூச்சலுமாக வந்த பிள்ளைகளில் ஒருவன், ஏரிக்கரையில் இறங்கியதும் தன் ஊதலை எடுத்து வாயில் வைத்தான். கரையில் நின்றிருந்த முதியவர் ஒருவர் அவனை அதட்டவில்லை, அருகில் வந்து, "தம்பி, உள்ளே குஞ்சு தூங்குது. உங்க வீட்டுத் தொட்டில்ல பிள்ளை தூங்கினா ஊதுவியா?" என்று மட்டும் கேட்டார். பையன் ஊதலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். நீரில் நின்ற மரங்களில் கூழைக்கடா, கரண்டிவாயன், நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம் என இனம் இனமாகப் பறவைகள் கிளைகளைப் பகிர்ந்து கூடு கட்டியிருந்ததை, அத்தனை பிள்ளைகளும் ஒரு மணி நேரம் வாய் திறவாமல் பார்த்தார்கள். திரும்பும் வழியில் பாட்டுப் போடச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. கோயிலுக்குள் நுழைந்தவர்களின் அமைதியை அன்று அவர்கள் முகங்களில் கண்டேன்.

பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்பதை அவ்வூரார் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். பறவைகளைச் சுடுவதைத் தடுக்குமாறு அவர்கள் முறையிட்டதன் பேரில், செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் 1798-இல் பாதுகாப்பு ஆணை வழங்கினார். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி மக்களோ, அருகிலுள்ள வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. ஒரு வீடு மட்டும் வெடிக்காமல் இருந்தால் பறவை தங்குமா? தனிமரம் தோப்பாகாது.

பெரியோர்களே, நம் ஏரிக்கு ஏன் பறவை வருவதில்லை? வரத்துக்கால் முழுவதும் சீமைக்கருவேலம் அடைத்து நிற்கிறது. மழை பெய்தும் பாதி ஏரிதான் நிறைகிறது. குடிமராமத்து என்று வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வாய்க்கால் வெட்டிய ஊர் இது. விடியற்காலையில் பஜனைக்கும், டிசம்பர் 24 நள்ளிரவில் ஆராதனைக்கும், வெள்ளிதோறும் தொழுகைக்கும் கூடுகிற நாம், மூன்று தெய்வ வீடுகளுக்கும் தண்ணீர் தருகிற ஏரிக்காக ஒரு நாள் கூடக் கூடாதா? கோலத்தையும் நெல்லையும் பற்றிப் பேச நேரம் இடம் தரவில்லை. தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பெரிய மடையருகே காத்திருப்பேன். வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடும் அரிவாளோடும் வாருங்கள். வணக்கம்.