எல்லாருமே முதலாமிடம்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

கொட்டாஞ்சேனையில் இருந்து ஓட்டோவில்தான் இந்தக் கலையகத்துக்கு வந்தேன். ஓட்டோக்காரத் தம்பி ரேடியோவை ஓர் இடத்தில் நிற்க விடவில்லை. விளம்பரம் வந்தால் மாற்றினார், பாட்டுப் பிடிக்காவிட்டால் மாற்றினார், மருதானைச் சந்தியில் இரைச்சல் வந்ததும் அதற்கும் ஒரு தடவை மாற்றினார். வந்து சேர்வதற்குள் நான்கு தமிழ் எஃப்.எம். கேட்டாயிற்று. அதில் இரண்டு, தாங்கள்தான் முதலாமிடம் என்று சொல்லிக்கொண்டன. "உண்மையிலேயே எது தம்பி முதலாவது?" என்று கேட்டேன். "இப்ப எதில நல்ல பாட்டுப் போகுதோ அது, அங்கிள்" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே எனக்கு இருபது வருடத்துக்கு மேல் சம்பளம் தந்தார்கள். விளம்பர நிறுவனம் ஒன்றில், எந்த வானொலிக்கு எவ்வளவு பணம் என்று பிரித்துக் கொடுக்கும் மேசை என்னுடையது. தம்பியின் பதிலைவிடத் திறமான பதில் ஒன்று என்னிடம் இருந்ததாக இப்போது சொல்ல மாட்டேன்.

முதலில் அந்த மருதானை இரைச்சலைப் பார்ப்போம். கொழும்பில் 1925 டிசம்பர் 16ஆம் திகதி முறையான ஒலிபரப்புத் தொடங்கிய காலத்திலும், பிறகு இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் தமிழ்நாடே காத்திருந்து கேட்ட காலத்திலும், அலை என்றால் மத்திய அலை, சிற்றலை. கடல் தாண்டும். அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் அப்படித்தான் அக்கரைக்குப் போயின. எஃப்.எம். அப்படியில்லை. ஏறக்குறைய கண் பார்க்கிற தூரம்தான் அதன் எல்லை. 100 மீற்றர் உயரக் கோபுரத்தில் அன்ரனா வைத்தால் 45 கிலோமீற்றர் அளவில் அடிவானம் வந்துவிடும். 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகாலை உச்சியில் வைத்தால் அதுவே 200 கிலோமீற்றர். சுமார் 100 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் கொழும்பு அதற்குள் அடங்கிவிடும். ஒரே வானொலி ஊருக்கு ஊர் வேறு வேறு இலக்கத்தில் வருவது ஏன் என்று மலையகத்துக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் கேட்பார்கள். காரணம் இந்த அடிவானமும் இடையில் நிற்கிற மலைகளும்தான்.

சரி, கொழும்புக்குள் மலை இல்லையே? கட்டடம் இருக்கிறது. வெள்ளவத்தையில் காலி வீதியின் இருபக்கமும் மாடிமேல் மாடி. நேராக வருகிற அலையும் சுவரில் பட்டுத் திரும்புகிற அலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடங்களில் ரேடியோ கரகரக்கும். 100 மெகாஹேர்ட்ஸில் அலையின் நீளம் 3 மீற்றர்தான். அதனால் ஓட்டோ ஒரு மீற்றர் முன்னுக்கு நகர்ந்தாலே சத்தம் தெளிந்துவிடும். ஆனால் நெரிசலில் நிற்கிறவருக்கு அந்தப் பொறுமை ஏது? விரல் மாற்றிவிடும். நிகழ்ச்சி தயாரித்தவர் மூன்று நாள் உழைத்திருப்பார். சிவப்பு விளக்கு விழுந்த இடம் சரியில்லை, நேயர் போய்விட்டார்.

1998இல் சூரியன், சக்தி என்ற தனியார் தமிழ் எஃப்.எம். வானொலிகள் வந்தன. அதற்கு முன் தமிழ் நேயருக்குப் பெரும்பாலும் அரச வானொலிதான் கதி. பத்து வருடம் கழித்து வெற்றி எஃப்.எம். வந்தது. இன்னும் சில வந்தன, சில மறைந்தன. போட்டி வந்ததும், எதை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற நேயர் கணக்கெடுப்புக்கும் மதிப்பு வந்தது.

பழைய முறை நாட்குறிப்பு. ஒரு வீட்டுக்குக் கொப்பி ஒன்று கொடுப்பார்கள். நாளைக் கால்மணி கால்மணியாகப் பிரித்திருக்கும். எந்த நேரம் எந்த வானொலி கேட்டீர்கள் என்று ஒரு வாரம் குறிக்க வேண்டும். மட்டக்குளியில் என் சொந்தக்கார மாமி ஒருவரிடம் ஒருமுறை அந்தக் கொப்பி வந்தது. ஆறு நாள் அது குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் கிடந்தது. ஏழாம் நாள் இரவு, மகன் காற்சட்டை மினுக்கிக்கொண்டே சொல்லச் சொல்ல, மாமி முழு வாரத்தையும் நிரப்பினார். அவர் அன்றாடம் தவறாமல் கேட்டது மரண அறிவித்தல். அதைக் குறிக்கவே இல்லை. "அது ரேடியோ கேக்கிறதா? ஆர் செத்தது எண்டு பாக்கிறதுதானே" என்றார்.

மாமியை விடுங்கள், கணக்கையே பார்ப்போம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாவட்டத்தில் 23 இலட்சம் பேர். தமிழரையும் முஸ்லிம்களையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல். மாவட்டத்தில் 500 பேரிடம் ஆய்வு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் வானொலிகளுக்குக் கிடைக்கக்கூடியது 100 கொப்பிகளும் கொஞ்சமும். 100 பேரில் 20 பேர் ஒரு வானொலியைக் கேட்டார்கள் என்றால், புள்ளிவிபரக்காரர் சொல்வது: உண்மை 12க்கும் 28க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. அப்படியானால் 20 பேர் கேட்ட வானொலிக்கும் 24 பேர் கேட்ட வானொலிக்கும் இடையில் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. ஆனால் அந்த நான்கை வைத்து ஒரு வருடத்து விளம்பரப் பணம் இடம் மாறும். நானே மாற்றியிருக்கிறேன்.

அப்புறம், எல்லாரும் எப்படி முதலாமிடம்? சுலபம். வாரத்தில் ஒரு தடவையாவது கேட்டவர்களை எண்ணினால் ஒருவர் முன்னுக்கு. கேட்ட மொத்த நேரத்தை எண்ணினால் இன்னொருவர் முன்னுக்கு. 15 முதல் 24 வயது, பெண்கள், மேல் மாகாணம், ஞாயிறு காலை என்று வெட்டிக்கொண்டே போனால் ஏதாவது ஒரு துண்டில் யாரும் முதல்தான்.

இதில் அடிபட்டது பேச்சு நிகழ்ச்சி. பெயர் சொல்லாமல் ஒன்றைச் சொல்கிறேன். காலை நேரம், தமிழில், நேயர்கள் அழைப்பெடுத்துக் கதைக்கிற நிகழ்ச்சி. தோட்டத்து வீடுகளில் தண்ணீர் வராதது, அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் பிழையாக விழுந்தது, அரச அலுவலகத்தில் இருந்து சிங்களத்தில் மட்டும் வந்த கடிதம், இப்படி. ஒரு மணித்தியாலமும் லைன் நிறைந்திருக்கும். கொப்பியில் பார்த்தால் பக்கத்து வானொலியின் பாட்டு அதைவிட இரண்டு மடங்கு. பாட்டுக்கு ஓர் அறிவிப்பாளர் போதும். பேச்சுக்குத் தயாரிப்பாளர் வேண்டும், அழைப்பை வடிகட்ட ஆள் வேண்டும், வழக்கு வந்தால் பார்க்க வேண்டும். அனுசரணையை நிறுத்தலாம் என்று எழுதிக் கொடுத்தது நான்தான். இரண்டு மாதத்தில் அந்த மணித்தியாலம் பாட்டுக்குப் போனது. அதை எழுதும்போது எனக்குக் கை நடுங்கவில்லை. இலக்கம் தெளிவாக இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் சட்டத்தரணி நண்பர் ஒருவர் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைச் சொன்னார். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்று திடீரென நிறுத்தப்பட்டது. அதில் பங்கெடுத்து வந்த ஒரு நேயர் உயர் நீதிமன்றம் போனார். வெறுமனே கேட்கிற உரிமை என்று அவர் வெல்லவில்லை. பங்கெடுக்கிற நேயர் என்பதால் அவருடைய பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என்று நீதிமன்றம் சொன்னது. எனக்கு அது சுருக்கென்று பட்டது. வானொலிக்குள் பேசுகிறவர் என்று நேயரை நீதிமன்றம் கண்டது. என் மேசையில் இருந்த எந்தத் தாளிலும் அப்படி ஒரு ஆள் இல்லை. அழைப்பெடுக்க முயன்றீர்களா, லைன் கிடைத்ததா, எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள் என்று அந்தக் கொப்பியில் ஒரு பெட்டி போட்டிருந்தால் என்ன செலவு? அழைப்பு வந்த கணக்கு நிலையத்தின் தொலைபேசியிலேயே கிடக்கிறது. அதை விளம்பரதாரரிடம் கொண்டுவந்து காட்டிய ஒரு விற்பனையாளரையும் நான் கண்டதில்லை.

இறங்கும்போது ஓட்டோத் தம்பி, எத்தனை மணிக்குப் பேசப் போகிறீர்கள், எந்த இலக்கம் என்று கேட்டு வைத்துக்கொண்டார். திரும்பிப் போகிற வழியும் மருதானைதானாம். சந்தியில் சிவப்பு விளக்கில் மாட்டாமல் இருந்தால் இப்போது கேட்டுக்கொண்டிருப்பார்.

வணக்கம்.