பயத்துல வந்த முகமா அது?

நடுவர் அவர்களே, ஒத்தக்கடை மக்களே, வணக்கம். விலங்கு முகத்துல தெய்வத்தை மனுசன் கும்பிட்டது பயத்தாலயா, பாசத்தாலயா? நான் பாசத்தின் பக்கம்.

முன்னாடி பேசுன அண்ணன், நம்ம ஆனைமலை நரசிங்கத்தையே சாட்சிக்கு இழுத்தாரு. சிங்கத்துக்குப் பயந்தவன்தான் சிங்க முகத்தைக் கும்பிட்டான்னாரு. அண்ணே, பாண்டியனோட அமைச்சர் மாறன் காரி 770ல குடைஞ்ச கோயில் அது. அவர் காலமானதும் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து முடிச்சாரு. உள்ள போயிப் பாருங்க, சாமி யோகத்துல உக்காந்திருக்கு. அந்தச் சிங்கம் தூணைப் பிளந்து வந்ததே பிரகலாதன்ங்கிற சின்னப் பையனுக்காகத்தானே?

எகிப்துல அனுபிசுங்கிற சாமிக்கு நரி முகம். பாலைவன ஓரத்து இடுகாட்டைச் சுத்தி நரிக திரியும், குழியைத் தோண்டும். வெறும் பயம்னா அதைப் பேயாக்கி விரட்டியிருப்பாங்க. அவங்க என்ன செஞ்சாங்க? செத்தவங்களுக்குக் காவலே நீதான்னு ஒப்படைச்சாங்க. பெத்த தாயோட உடம்பை, நம்பாத ஒருத்தன் கையில யாரு கொடுப்பா?

தாவெரெத்னு ஒரு அம்மன். நீர்யானை முகம், முதலை முதுகு, சிங்கக் கால், நிறைமாச வயிறு. நைல் ஆத்துல படகையே கவுக்கிற மிருகம்தான் நீர்யானை. ஆனா குட்டிகிட்ட எவனையும் அண்டவிடாத தாயும் அதுதான். அதைப் பக்கத்துல இருந்து பாத்த சனம், பிள்ளைத்தாச்சிக்கு அவ உருவத்தைத் தாயத்தாக் கட்டுச்சு.

கொள்ளைநோயை ஏவுற சிங்கமுகத்து எகிப்து அம்மன் செக்மெத்கிட்ட பயம் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா அவ பூசாரிகதான் வைத்தியமும் பாத்தாங்க.

இப்ப நம்ம மதுரைக்கே வாங்க. புதுமண்டபத் தூண்ல, பன்றி முகத்தோட ஒரு தாய் குட்டிகளை அணைச்சுப் பால் கொடுக்கிற சிலை இருக்கு. பாண்டியன் வேட்டையில தாய் தகப்பனைப் பறிகொடுத்து, பசியில துடிச்ச 12 குட்டிகளுக்குச் சொக்கநாதரே தாய்ப்பன்றியா வந்து மடி கொடுத்தாருன்னு திருவிளையாடல் சொல்லுது. அதோட விட்டாரா? முகம் பன்றி முகமாவே இருக்க, அந்தப் பன்னிரண்டு பேரும் பாண்டியனுக்கு மந்திரிகளானாங்க. பன்றின்னா முகஞ்சுளிச்சு ஒதுங்கிப் போற சனம் நாம. அதோட முகத்தை ஈசனுக்கு வச்சு, மார்புல குட்டிகளையும் செதுக்கியிருக்கான் நம்ம ஊரு சிற்பி. அந்தத் தூண்ல பயம் எந்த இடத்துல இருக்குன்னு எதிரணி காட்டட்டும், நடுவர் அவர்களே, நான் உக்காந்துர்றேன்.