பம்ப் ஸ்குரூவைத் திருகும் முன்

வணக்கம். டீசலை இன்ஜினுக்குத் தள்ளுகிற பம்ப்பும், அதை உள்ளே பீய்ச்சுகிற நாசிலும் சர்வீஸ் செய்யும் பட்டறையில் 26 வருஷம் வேலை பார்த்தவன் நான். இப்போது தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் கொஞ்சம் நிலத்தில் தக்காளி போடுகிறேன். வாசல் புளியமரத்தடியில் ஒரு பழைய டாடா 207 பிக்கப் நிற்கிறது. அதற்கு எல்லா வேலையும் நானே பார்க்கிறேன். பழைய டீசல் பிக்கப்பை வீட்டிலேயே பராமரிப்பது பற்றிப் பேசச் சொல்லி வானொலி நிலையத்தில் கேட்டார்கள். விடியுமுன்னே மண்டிக்குத் தக்காளி ஏற்றுகிறவர்களும் மாம்பழ சீசனில் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுகிறவர்களும் இதைக் கேட்பார்கள் என்று நினைத்து வந்தேன்.

பட்டறையில் என் காதில் அதிகம் விழுந்த பேச்சு ஒன்று உண்டு. "ணா, வண்டி இழுக்கல. பம்ப்ல ஸ்குரூவைத் திருகி கொஞ்சம் டீசல் ஏத்தி விடு." இதைத்தான் நம் ஊரில் பலபேர் டியூனிங் என்று நினைக்கிறார்கள். பம்பில் ஒரு ஸ்குரூவுக்குக் கம்பி கட்டி சீல் வைத்திருப்பார்கள். அதிகபட்சமாக எவ்வளவு டீசல் போகலாம் என்பதை அந்த ஸ்குரூதான் கட்டுப்படுத்துகிறது. சீலை அறுத்து அதைத் திருகினால் வண்டி இழுக்கும், உண்மைதான். அப்புறம் என்ன ஆகும் என்பதை என் கையால் செய்த வேலையை வைத்தே சொல்கிறேன்.

அப்போது எனக்குச் சின்ன வயசு. மாங்காய் லோடு அடிக்கிற ஒருவர் வந்து நின்றார். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் மேட்டில் வண்டி ஏற மறுக்கிறது என்றார். சீசன் போய்க்கொண்டிருக்கிறது, அவசரம். நானும் வேறு எதையும் பார்க்காமல் ஸ்குரூவைத் திருகிக் கொடுத்தேன். சந்தோஷமாகப் போனார். ரெண்டு வாரம் கழித்து வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஹெட்டைக் கழற்றினால் மூன்றாவது சிலிண்டர் பிஸ்டனின் தலையில் ஓட்டை. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். எரிந்து முடிக்கக் காற்று போதாமல் டீசல் மட்டும் கொட்டக் கொட்ட அந்த இடம் சூடாகி, மெழுகு மாதிரி வழிந்திருந்தது. பிறகுதான் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்தேன். மண்ணடைத்துக் கிடந்தது. அவருக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது ஒரு ஃபில்டர். நான் கொடுத்தது கூடுதல் டீசல். ஒரு சீசனின் சம்பாத்தியம் அவருக்கு அந்த இன்ஜினில் போயிற்று. அந்தப் பிஸ்டனை இன்றும் வீட்டில் வைத்திருக்கிறேன்.

அதனால் வண்டி இழுக்கவில்லை என்றால் முதலில் காற்றைப் பாருங்கள். 3000 சிசி இன்ஜின் 2000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2500 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறது. 200 லிட்டர் டிரம்மில் அளந்தால் பன்னிரண்டு டிரம்முக்கு மேல். கிரானைட் குவாரி ரோட்டிலும் பென்னாகரம் பக்கத்து மண்பாதையிலும் அந்தப் பன்னிரண்டு டிரம் காற்றோடு எவ்வளவு புழுதி வரும் என்று யோசித்துப் பாருங்கள். காகித ஃபில்டர் என்றால் உள்பக்கத்திலிருந்து வெளியே காற்றடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் மண் காகிதத்துக்குள்ளேயே ஏறிக்கொள்ளும். அடித்த பிறகு உள்ளே ஒரு பல்பைப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் ஒழுகினாலும் தூக்கி எறிந்துவிடுங்கள். எண்ணெய்க் கிண்ணம் வைத்த பழைய ஃபில்டர் என்றால், கிண்ணத்தை டீசலில் கழுவி, கோடு போட்ட அளவுக்கு மட்டும் இன்ஜின் ஆயில் ஊற்றுங்கள். அதிகமாக ஊற்றினால் இன்ஜின் அந்த ஆயிலையே குடித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் கத்த ஆரம்பித்துவிடும். ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகிற ரப்பர் ஹோஸை விரலால் வளைத்து, அடிப்பக்கம் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். புது ஃபில்டர் போட்டும் சிலிண்டரின் உள்சுவர் தேய்ந்துபோன வண்டிகளில் நான் பார்த்த காரணம் பெரும்பாலும் அந்த வெடிப்புதான்.

அடுத்தது டீசல். பம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால்தான் இது புரியும். ருடால்ஃப் டீசல் 1897-ல் ஓட்டிக் காட்டிய இன்ஜினில் எரிபொருளை உள்ளே தள்ளுவதற்கு அழுத்தக் காற்று வேண்டியிருந்தது. அதற்கென்று தனி கம்ப்ரெசர், பெரிய எடை. அந்த முறை லாரிக்கு ஒத்துவரவில்லை. ராபர்ட் பாஷின் கம்பெனி 1927-ல் சின்ன பம்பைப் பெருமளவில் செய்ய ஆரம்பித்த பிறகுதான் டீசல் லாரி ரோட்டில் பெருகியது. அந்தப் பாஷ் கம்பெனியின் துணையோடு 1951-ல் தொடங்கிய மைக்கோ கம்பெனி, நமக்குப் பக்கத்தில் பெங்களூரில் பம்ப் செய்தது. இன்றைக்கும் நம் மெக்கானிக்குகள் வாயில் அது மைக்கோ பம்ப்தான். அந்தப் பம்பின் உள்ளே டீசலைத் தள்ளுகிற பிளஞ்சர் தண்டுக்கும் அது ஓடுகிற பேரல் உருளைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ரெண்டு மூன்று மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ரெண்டு மூன்று பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். நாசில் ஊசியை நல்ல டீசலில் நனைத்து, நாசிலைச் சாய்வாகப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து விட்டால், அது தன் எடையிலேயே மெல்ல மெல்ல வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும். வியர்வைக் கையால் அந்த ஊசியின் பளபளப்பைத் தொடக்கூடாது என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் திட்டித் திட்டிச் சொல்வார். விரல் ஈரமே துருவாகிவிடும். அந்த இடத்துக்குள் தண்ணீர் கலந்த டீசல் போனால் என்ன ஆகும்?

டேங்க் பாதி காலியாக ராத்திரி முழுக்க நின்றால் உள்ளே இருக்கிற காற்றின் ஈரம் குளிரில் நீர்த்துளியாகித் தகரத்தில் ஒட்டும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் மார்கழிக் குளிரில் இது அதிகம். அதனால் சாயங்காலமே டேங்கை நிரப்பி வைப்பது நல்லது. வாரம் ஒருமுறை, வண்டியை அசைக்காத விடியற்காலையில், ஃபில்டருக்கு அடியில் இருக்கிற டிரெய்ன் ஸ்குரூவைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். பத்து நிமிஷம் ஆடாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் முத்து மாதிரி உருண்டு தனியாகத் தெரியும். மேலே டீசல் மஞ்சளாக நிற்கும்.

ஃபில்டர் மாற்றினால் லைனில் காற்று புகுந்துவிடும். அப்போது சும்மா செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரிதான் இறங்கும். ஃபில்டர் தலையில் இருக்கிற ஏர் ஸ்குரூவை ரெண்டு சுற்று தளர்த்தி ஹேண்ட் பம்பை அடியுங்கள். முதலில் நுரைத்துக்கொண்டு வரும். அப்புறம் குமிழியும் டீசலும் மாறி மாறித் துப்பும். கடைசியில் கம்பி இழுத்த மாதிரி டீசல் மட்டும் வரும். கை பம்பை அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்குரூவை இறுக்க வேண்டும், விட்டுவிட்டு இறுக்கினால் ஒரு மிடறு காற்றை உறிஞ்சிக்கொள்ளும். அதே மாதிரி பம்ப் மேலே இருக்கிற ஸ்குரூவிலும் எடுங்கள். மறுபடி மறுபடி ஏர் பிடிக்கிறது என்றால் டேங்கிலிருந்து வருகிற ஹோஸையும் மூட்டுகளில் இருக்கிற காப்பர் வாஷரையும் சந்தேகப்படுங்கள். டீசல் வெளியே சொட்டாத இடத்திலும் காற்று உள்ளே போகும்.

ஒரு எச்சரிக்கை. எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க, ஓடுகிற இன்ஜினில் நாசில் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவது பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கான வழக்கம். எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயில் டீசலை அழுத்தத்தோடு தேக்கி வைக்கிற புது வகை காமன் ரெயில் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். தோலைக் கிழித்து டீசல் சதைக்குள் போய்விடும். பழைய பம்பிலும் நாசில் பீய்ச்சுகிற முனையில் விரல் வைக்காதீர்கள்.

டேப்பெட் செட்டிங், அதாவது வால்வு மேலே இருக்கிற இடைவெளியைச் சரிசெய்வது, வீட்டில் தாராளமாகச் செய்யலாம். இடைவெளியை அளக்கிற மெல்லிய தகடுகளான ஒரு ஃபில்லர் கேஜும் பொறுமையும் போதும். அளவு வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டைப் பாருங்கள், பக்கத்து வண்டிக்காரர் சொன்ன அளவு வேண்டாம். 1-3-4-2 வரிசையில் வெடிக்கிற நாலு சிலிண்டர் இன்ஜினில், நாலாவது சிலிண்டரின் ரெண்டு வால்வும் ஒன்று மூட ஒன்று திறக்க ஆடுகிற நேரத்தில் ஒன்றாவதை செட் பண்ணலாம். ரெண்டு ஆடும்போது மூன்று, ஒன்று ஆடும்போது நாலு, மூன்று ஆடும்போது ரெண்டு. பம்ப் எந்த நேரத்தில் டீசல் தள்ள வேண்டும் என்கிற டைமிங் மட்டும் தெரிந்தவர் கையில் இருக்கட்டும். எதற்காகவாவது பம்பைக் கழற்ற நேர்ந்தால், கழற்றும் முன் பம்ப்பும் இன்ஜினும் சேருகிற இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனையும் சரியாக இருக்கிறதா என்பதைப் புகை சொல்லிவிடும். கறுப்பு என்றால் காற்று குறைவு, டீசல் அதிகம், அல்லது நாசில் சொட்டுகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை காலையில் கொஞ்ச நேரம் வந்து நின்றுவிட்டால் பயமில்லை. சூடான பிறகும் வந்து ரேடியேட்டர் தண்ணியும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். புகைப் பரிசோதனையில் பழைய டீசல் வண்டிகளுக்கு 65 அலகு வரை அனுமதி. ஸ்குரூ திருகின வண்டி அதைத் தாண்டுவதையும், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்கும் அன்றைக்கு மட்டும் ஸ்குரூவைத் திரும்பக் குறைத்துக் கொண்டுபோவதையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரேடியேட்டர் விஷயம் நம் மாவட்டத்துக்கென்றே சொல்ல வேண்டியது. நம் போர் தண்ணியில் ஃப்ளோரைடு இருக்கிறது என்றுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் கொண்டுவந்தார்கள். அந்தப் போர் தண்ணியில் உப்பும் அதிகம். வெந்நீர் போடுகிற பாத்திரத்தில் வெள்ளையாக ஒரு படை ஒட்டுகிறதே, அதே படைதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் ஒட்டும். மேட்டில் சூடேறினால் பம்பைக் குறை சொல்வார்கள். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். வழியில் அவசரத்துக்குப் போர் தண்ணி ஊற்றினால், வீட்டுக்கு வந்ததும் இறக்கிவிடுங்கள்.

மேட்டுக்கு ஸ்குரூவைத் திருகுகிற அதே ஆசை, இறக்கத்தில் நியூட்ரல் போட வைக்கிறது. தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறார்கள். சிலர் இன்ஜினையே அணைக்கிறார்கள். அந்த இடத்தில் போன உயிர்களை நம் ரெண்டு மாவட்டமும் அறியும். பிரேக் மிதிக்கும்போது காலுக்குத் துணை செய்கிற பூஸ்டர் வாக்குவத்தில், அதாவது காற்றை உறிஞ்சிய வெற்றிடத்தில், வேலை செய்கிறது. பெட்ரோல் இன்ஜின் மூச்சிழுக்கும்போதே அந்த வாக்குவம் கிடைத்துவிடும். டீசல் இன்ஜினில் காற்றை மறிக்கிற கதவு கிடையாது, அதனால் அந்த வாக்குவம் தானாக வராது. அதற்கென்றே தனியாக ஒரு வாக்குவம் பம்ப், பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது. இன்ஜின் நின்றால் அதுவும் நிற்கும். பூஸ்டரில் மிச்சமிருப்பது ரெண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். இன்ஜின் ஓடினாலும் நியூட்ரலில் இன்ஜின் பிடிப்பு இல்லை, மொத்த லோடும் பிரேக் லைனர் மேல் விழுந்து அது காய்ந்துபோகும். எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள். கியரில் இறங்கி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்துகிற கவர்னர் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஸ்லோவில் ஓடுவதற்கென்று டீசல் செலவாகிறது.

இன்றைக்குச் சாயங்காலம் வண்டியை வாசலில் நிறுத்தியதும் ஒன்று செய்யுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் கெட்டியாகிற வரை பிரேக்கை நாலைந்து தடவை மிதியுங்கள். காலை அதே அழுத்தத்தில் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் காலுக்கடியில் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டருக்கு வாக்குவம் வருகிறது. இறங்காவிட்டால் ஆல்டர்னேட்டர் பெல்ட்டையும், வாக்குவம் ஹோஸையும், வாக்குவம் பம்புக்குப் போகிற ஆயில் பைப்பையும் பாருங்கள். அது சரியாகிற வரை லோடு ஏற்ற வேண்டாம்.

வணக்கம்.