பிரெக்ஸிட்: தோற்றவர்கள் கோபம் புரிகிறது, ஜெயித்தவர்களுக்கும் ஏன் கோபம்?

வணக்கம். நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சார், பிரிட்டன் மக்கள்தானே ஓட்டுப் போட்டு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தார்கள்? இன்று அவர்களே புலம்புகிறார்களே, யார் மேல் கோபம்? தப்பு என்று தெரிந்தால் இன்னொரு ஓட்டெடுப்பு வைத்துத் திரும்பச் சேர்ந்துவிட முடியாதா? அப்புறம், லண்டனில் இருக்கும் என் அக்காவிடம் இந்திய பாஸ்போர்ட்தான் இருக்கிறது. ஆனால் 2016-ல் தானும் ஓட்டுப் போட்டதாகச் சொல்கிறார். அது எப்படி?"

நல்ல கேள்விகள். அக்கா விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

பிரிட்டன் மக்கள் என்று மொத்தமாகச் சொன்னால் கணக்கு சரியாக வராது. 2016 ஜூன் 23-ல் வெளியேறலாம் என்று போட்டவர்கள் 1 கோடியே 74 லட்சம் பேர். இருக்கலாம் என்று போட்டவர்கள் 1 கோடியே 61 லட்சம் பேர். 51.9-க்கு 48.1 சதவீதம். இங்கிலாந்தும் வேல்ஸும் வெளியேறச் சொன்னன. ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேரும் வட அயர்லாந்தில் 56 சதவீதம் பேரும் இருக்கச் சொன்னார்கள். ஆகவே ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் இன்று கோபப்பட்டால், அவர் தன் ஓட்டை நினைத்து வருந்தவில்லை. தான் கேட்காத ஒன்று தன் மேல் வந்து விழுந்தது என்றுதான் கோபப்படுகிறார்.

இது தோற்றவர்களின் கோபம். இதைப் புரிந்துகொள்வது சுலபம். ஜெயித்தவர்களின் கோபத்தைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. இந்த விவகாரத்தின் உயிர்நாடியே அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

வேல்ஸில் எப்பு வேல் என்று ஒரு சின்ன ஊர். இரும்பாலையை நம்பி வாழ்ந்த ஊர். 2002-ல் அந்த ஆலையை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பகுதிக்குச் சாலை, ரயில் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி நிறையவே வந்தது. அப்படியிருந்தும் அந்த மாவட்டத்தில் 62 சதவீதம் பேர் வெளியேறலாம் என்றுதான் போட்டார்கள். இதைக் கேட்டதும் "நன்றிகெட்டவர்கள், விவரம் தெரியாதவர்கள்" என்று லண்டனில் சிலர் பேசினார்கள். அந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. புதுச் சாலை வந்தது, சரி. அந்தச் சாலையில் போய்ச் சேர வேலை எங்கே இருந்தது? வடகிழக்கில் சண்டர்லாந்திலும் இதே நிலைமைதான். 1988-ல் கப்பல் கட்டும் தளங்கள் மூடப்பட்ட ஊர் அது. அங்கே 61 சதவீதம் பேர் வெளியேறலாம் என்றார்கள். பல வருடங்களாக யாரும் தங்கள் பேச்சைக் கேட்கவில்லை என்று நினைத்தவர்களுக்கு, ஒவ்வொரு ஓட்டும் எண்ணப்படுகிற ஒரு நாள் கிடைத்தது. பயன்படுத்திக்கொண்டார்கள்.

எப்பு வேலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1948-ல் பிரிட்டனின் இலவச மருத்துவச் சேவையைத் தொடங்கி வைத்த அமைச்சர் அனூரின் பெவன் அந்தத் தொகுதியின் உறுப்பினர். அதே மருத்துவச் சேவையின் பெயரைச் சொல்லித்தான் 2016-ல் வெளியேறும் தரப்பின் பிரச்சாரச் சிவப்புப் பேருந்து நாடெங்கும் ஓடியது. "வாரத்துக்கு 35 கோடி பவுண்டை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்புகிறோம், அதை நம் மருத்துவச் சேவைக்குக் கொடுப்போம்" என்பது அதில் இருந்த செய்தி. பிரிட்டனுக்குக் கிடைத்துவந்த தள்ளுபடியைக் கழிக்காமல் சொன்ன தொகை அது. தவறாக வழிநடத்துகிறது என்று அரசின் புள்ளிவிவரக் கண்காணிப்பு ஆணையமே அப்போது கண்டித்தது. பேருந்து நிற்கவில்லை. இன்று ஆபரேஷனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் ஒருவர் அந்த 35 கோடியை நினைத்துக் கோபப்பட்டால், அதில் முழு நியாயம் இருக்கிறது.

குடியேற்றமும் அப்படித்தான். வெளியேறினால் வெளிநாட்டவர் வருவது குறையும் என்று நம்பிப் போட்டவர்கள் ஏராளம். ஐரோப்பியர் வருவது குறைந்தது, உண்மை. ஆனால் மருத்துவமனைகளிலும் முதியோர் பராமரிப்பிலும் ஆள் இல்லை. இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் விசா கொடுத்து அரசே அழைத்தது. வருகிறவர்களில் வெளியே போகிறவர்களைக் கழித்துப் பார்த்தால், 2023 ஜூன் வரையான ஓராண்டில் 9 லட்சத்துக்கும் மேல். வாக்கெடுப்பு நடந்த காலத்தில் இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வந்த செவிலியர்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை, கூப்பிட்டார்கள், வந்தார்கள். ஆனால் 2016-ல் ஓட்டுப் போட்டவர் "என்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்று சொல்லும்போது என்ன பதில் சொல்வது? 2025 மே உள்ளாட்சித் தேர்தலில், வெளியேற வேண்டும் என்று பல வருடம் பிரச்சாரம் செய்த நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி மற்ற எல்லாக் கட்சிகளையும் விட அதிக இடம் பிடித்ததில் இந்தக் கோபத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, இப்படி இரண்டு பக்கமும் ஏமாந்தது எப்படி? அந்த ஓட்டுச் சீட்டைப் பாருங்கள். உறுப்பினராக இருக்கலாமா, வெளியேறலாமா, இவ்வளவுதான். இருக்கிற வீட்டைக் காலி செய்யலாமா என்று கேட்டார்களே ஒழிய, எந்த வீட்டுக்குக் குடிபோவது என்று கேட்கவே இல்லை. நார்வே போல ஒற்றைச் சந்தையில், அதாவது பொருளும் ஆட்களும் தடையில்லாமல் போய்வரும் அமைப்பில் இருந்துகொள்வதா? உள்ளுக்குள் சுங்க வரி இல்லாத சுங்க ஒன்றியத்தில் மட்டும் இருப்பதா? எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு போவதா? ஒவ்வொன்றுக்கும் ஆள் இருந்தார்கள். அத்தனை பேரின் ஓட்டும் ஒரே பெட்டியில் விழுந்தது.

அப்போதைய பிரதமர் டேவிட் கேமரூன் 2013-ல் இந்த வாக்கெடுப்பை அறிவித்தபோது, தன் கன்சர்வேடிவ் கட்சிக்குள் இருந்த சண்டையை அடக்குவதுதான் அவருக்கு முக்கியமாக இருந்தது. தோற்றால் என்ன செய்வது என்று திட்டமே இல்லை. முடிவு வந்த அன்று காலையே ராஜினாமாவை அறிவித்தார். எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஒரு நாட்டின் அடுத்த ஐம்பது வருடத்தைத் தொடுகிற கேள்வியைக் கேட்டவர், பதில் வந்ததும் எழுந்து போய்விட்டார்.

அதன் விளைவை 2019-ல் உலகமே டிவியில் பார்த்தது. அவருக்கு அடுத்துப் பிரதமரான தெரசா மே கொண்டுவந்த வெளியேறும் ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் ஜனவரி 15-ல் 202-க்கு 432 என்று தோற்றது. மார்ச்சில் இன்னும் இரண்டு முறை தோற்றது. "சரி, உங்களுக்கு என்னதான் வேண்டும்?" என்று உறுப்பினர்களே எட்டு யோசனைகளை வைத்து ஓட்டெடுத்தார்கள். எட்டும் தோற்றன. சில நாள் கழித்து நான்கு யோசனைகளை வைத்தார்கள். நான்கும் தோற்றன, அதில் சுங்க ஒன்றிய யோசனை மூன்றே ஓட்டில். எல்லாவற்றையும் ரத்து செய்யச் சொல்லி 60 லட்சம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்திட்டது அந்த நாட்களில்தான். "சீக்கிரம் முடித்துத் தொலையுங்கள்" என்று அலுத்துப்போனவர்களும் ஏராளம். அந்த அலுப்பைப் பிடித்துக்கொண்டுதான் மேக்குப் பிறகு பிரதமரான போரிஸ் ஜான்சன் டிசம்பர் தேர்தலில் 365 இடங்களை ஜெயித்தார். 2020 ஜனவரி 31-ல் நாடு வெளியே வந்தது.

வட அயர்லாந்தின் கதை தனி வீடியோவுக்கு உரியது. அது பிரிட்டனின் பகுதி, அதே தீவின் மீதிப் பகுதியான அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் தனி நாடு. பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த சண்டையை 1998 உடன்பாடு நிறுத்தியிருந்தது. அயர்லாந்துத் தீவுக்குள் எல்லைச் சோதனை வந்தால் அது ஆட்டம் கண்டுவிடும். அதனால் சரக்குச் சோதனையை பிரிட்டனின் மற்ற பகுதிக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே இருக்கும் கடலுக்கு நகர்த்தினார்கள். இந்த ஒரு சிக்கலைப் பிரச்சாரத்தில் எத்தனை பேர் வாய்விட்டுப் பேசினார்கள் என்று தேடிப் பாருங்கள், மனசு கஷ்டப்படும்.

இதைச் சரியாகச் செய்ய வழி இருந்தது. பக்கத்து நாடான அயர்லாந்தில் 2018-ல் கருக்கலைப்புத் தடையை நீக்குவதா என்று வாக்கெடுப்பு. அதைவிட உணர்ச்சிகரமான விஷயம் அந்த நாட்டில் கிடையாது. ஆனால் தடை நீங்கினால் என்ன சட்டம் வரும் என்ற வரைவை அரசு முன்பே வெளியிட்டுவிட்டது. எதற்கு ஓட்டுப் போடுகிறோம் என்று மக்கள் படித்துப் பார்த்துப் போட்டார்கள். 66 சதவீதம் பேர் ஆதரித்தார்கள், சட்டமும் வந்தது. பிரிட்டனில் மேயின் ஒப்பந்தம் கைக்கு வந்தபோது அதை மக்களிடம் ஒரு முறை காட்டி "இதுதான், சம்மதமா?" என்று கேட்டிருக்க வேண்டும். ஜெயித்தவர்களை ஏமாற்றும் வேலை என்று அப்போது எதிர்த்தார்கள். ஜெயித்தவர்களுக்கும் அது ஒரு பாதுகாப்பாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

இனி திரும்பச் சேர முடியுமா? வாக்கெடுப்பு வைக்கத் தடையில்லை, நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டால் போதும். வெளியேறியது தவறு என்று நினைப்பவர்கள்தான் கருத்துக்கணிப்புகளில் சில வருடங்களாக அதிகம். நீண்ட கால உற்பத்தித்திறனில் சுமார் 4 சதவீத இழப்பு என்று அரசின் பட்ஜெட் கண்காணிப்பு அலுவலகமே மதிப்பிட்டிருக்கிறது. ஆனால் மறுபடி சேரப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், 27 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். மார்கரெட் தாட்சர் 1984-ல் போராடி வாங்கிய அந்தத் தள்ளுபடி மறுபடி கிடைக்கும் என்று நம்ப இடமில்லை. 2024-ல் ஆட்சிக்கு வந்த கெய்ர் ஸ்டார்மரும் ஒற்றைச் சந்தைக்கோ சுங்க ஒன்றியத்துக்கோ திரும்பப் போவதில்லை என்று சொல்லித்தான் தேர்தலில் நின்றார்.

கடைசியாக உங்கள் அக்கா. அவர் சொல்வது உண்மைதான். பிரிட்டனில் முறையாக வசிக்கும் காமன்வெல்த் நாட்டவருக்கு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு உண்டு, 2016 வாக்கெடுப்பிலும் அதே விதிதான். அதனால் இந்தியர், இலங்கையர், பாகிஸ்தானியர் எல்லோரும் போடலாம். ஆனால் இருபது வருடமாக அங்கேயே வேலை பார்த்து, வரி கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்த போலந்துக்காரருக்கோ இத்தாலியருக்கோ பிரிட்டிஷ் குடியுரிமை இல்லையென்றால் ஓட்டு இல்லை. அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் நாட்டவர் மட்டும் விதிவிலக்கு. முடிவு வந்த பிறகு, தங்கள் சொந்த வீட்டில் தொடர்ந்து வாழ விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்க வேண்டியிருந்ததும் பெரும்பாலும் அந்த ஓட்டில்லாத ஐரோப்பியர்கள்தான்.