கறியா, கரியா? என் கமெண்ட் பாக்ஸ் தமிழ்

வணக்கம் மக்களே! இன்றைக்குச் சமையல் கிடையாது. பின்னால் தெரிகிற குக்கர் சும்மா அலங்காரத்துக்கு. இன்றைக்கு உங்கள் கமெண்டுகளைத்தான் வதக்கப் போகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வீடியோவில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "பிரியாணிக்கு எதுக்குங்க கத்திரிக்காய்? தயிர்ப் பச்சடி போதாதா?" என்று கேட்டுவிட்டேன். நான் திருச்சிக்காரி. எங்கள் வீட்டில் வெங்காயத்தை நறுக்கித் தயிரில் போட்டால் வேலை முடிந்தது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் அப்படி இல்லை. சீரகச் சம்பா பிரியாணிக்குப் பக்கத்தில் புளிப்பும் காரமுமாகக் கத்திரிக்காய் இல்லையென்றால் இலையில் கையே வைக்கமாட்டார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன். ராத்திரி மொபைலைத் திறந்தால் நானூறு கமெண்ட்.

முதலில் கண்ணில் பட்டது என் உறவுமுறை மாறியதுதான். அதுவரை இங்கே நான் எல்லாருக்கும் 'அக்கா'. அன்றைக்கு 'மேடம்' ஆகிவிட்டேன். மேடம் மரியாதையான சொல்தானே என்பீர்கள். வங்கியில் என்னை மேடம் என்று கூப்பிட்டால் எனக்கு ஒன்றும் இல்லை. நேற்றுவரை அக்கா என்றவர், "மேடம், ஆம்பூர் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுமா மேடம்?" என்று ஒரே வரியில் இரண்டு மேடம் போட்டால், அதில் ஒன்றுகூட மரியாதைக்குப் போட்டது இல்லை. அதற்கும் கீழே 'ஏம்மா'. அதற்கும் கீழே, என்னிடம் பேசாமல் மற்றவர்களிடம் பேசுகிற மாதிரி, 'இந்தம்மாவுக்கு என்ன தெரியும்'. ஆண்கள் சேனலில் இதே படிக்கட்டு அண்ணா, ப்ரோ, சார், தம்பி என்று இறங்கும். முன்பின் தெரியாத ஒருவரைத் 'தம்பி' என்று ஆரம்பித்துவிட்டால் விவாதம் முடிந்தது, நீ போய்ப் படி என்று அர்த்தம். எதிரில் இருக்கிற தம்பிக்கு அறுபது வயது இருக்கலாம், அது வேறு விஷயம்.

சரி, கெட்ட வார்த்தைக்கு வருவோம். யூடியூப் ஸ்டூடியோவில் தடுக்க வேண்டிய சொற்கள் என்று ஒரு பட்டியல் போட்டுவைக்கலாம். அந்தச் சொல் இருக்கிற கமெண்ட் வெளியே வராமல் நம் பார்வைக்குக் காத்திருக்கும். எனக்குத் தெரிந்த அத்தனை கெட்ட வார்த்தைகளையும் உட்கார்ந்து அடித்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கடி கத்துக்கிட்ட இதெல்லாம்?" என்றார். அவ்வளவு பாடுபட்டும் மறுநாள் காலையில் முதல் கமெண்ட் இப்படி வந்து நின்றது: "நீயெல்லாம் சமைக்கலைன்னு யாரு அழுதா?"

இதில் எந்தச் சொல் கெட்ட சொல்? நீ, சமையல், அழுகை, மூன்றும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருப்பவை. விஷம் முழுக்க அந்த 'எல்லாம்' என்பதில் இருக்கிறது. அகராதியில் பார்த்தால் 'அனைத்தும்' என்று போட்டிருக்கும். நான் ஒரே ஒரு ஆள், எனக்கு எதற்கு அனைத்தும்? 'நீயெல்லாம்' என்று சொன்னதும் என்னை ஒரு குவியலில் தூக்கிப் போட்டாகிவிட்டது. நீயும் உன்னை மாதிரி இன்னும் நாலு பேரும், பெயர் சொல்லக்கூடத் தகுதி இல்லாத கூட்டம். கோபத்தில் 'எல்லாம்' என்ற சொல்லையே தடைப் பட்டியலில் சேர்த்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் "எல்லாம் அருமை அக்கா" என்று எழுதிய ஒரு பாவப்பட்ட ஜீவன் காத்திருப்பு வரிசையில் நிற்கிறது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன்.

அன்றைக்குப் பிடித்த கிறுக்குதான் இந்த வீடியோ. தமிழில் நாம் கருத்துச் சொல்வது பெரிய சொற்களில் இல்லை, வால் மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிற குட்டிச் சொற்களில். என் கமெண்டிலிருந்தே மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். "நல்லா இருக்கு." இது பாராட்டு, நன்றி. "நல்லாத்தான் இருக்கு." இதற்குப் பின்னால் ஒரு 'ஆனா' தொங்குகிறது, எழுதியவர் அதை மென்று விழுங்கிவிட்டார். "நல்லாத்தானே இருக்கு." இவர் என்னிடம் பேசவே இல்லை, என்னைத் திட்டுகிறவர்களோடு எனக்காகச் சண்டை போடுகிறார். மூன்றிலும் பொருள் ஒன்றுதான். 'தான்' ஒன்று, 'ஏ' ஒன்று, அதற்குள் மூன்று கட்சி.

இந்தக் குட்டிச் சொற்களைத்தான் பள்ளிக்கூடத்தில் இடைச்சொல் என்று நடத்தினார்களே, நினைவிருக்கிறதா? நான் அந்த வகுப்பில் தூங்கிய ஆள். இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். தொல்காப்பியம் இடையியலில் ஏகாரத்துக்கு ஐந்து பொருள், ஓகாரத்துக்கு ஆறு பொருள். ஏகாரத்தில் முதலில் நிற்பது தேற்றம், அதாவது உறுதி. அடுத்தது வினா. உறுதியும் கேள்வியும் ஒரே எழுத்தில்! "நல்லாத்தானே இருக்கு" என்பதில் இரண்டும் இருக்கிறதா இல்லையா? எங்கள் தமிழ் மிஸ் இதைக் கமெண்ட் பாக்ஸை வைத்து நடத்தியிருந்தால் நான் தூங்கியிருக்கமாட்டேன்.

அப்புறம் 'ஆம்'. இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. "பத்து வருஷமா சமைக்கிறாங்களாம்." 'ஆம்' இல்லாமல் படித்தால் அது தகவல். சேர்த்துப் படித்தால், இவர் இப்படிச் சொல்லிக்கொண்டு திரிகிறார், நான் நம்பத் தயாராக இல்லை, நீங்கள் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிசுகிசு எழுதுகிறவர்கள் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இதை வைத்துத்தான் காலம் தள்ளினார்கள், "நடிகர் வீடு மாறிவிட்டாராம்" என்று. ட்விட்டரில் 140 எழுத்துக்குள் அடக்க வேண்டியிருந்த காலத்தில் இது இன்னும் பெரிய வரம். ஏனென்றால் கணினி நம் எழுத்தை நம்மைப் போல எண்ணாது. புள்ளியும் காலும் தனித்தனிக் கணக்கு. 'அம்மா' நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து. அந்தக் கஞ்சத்தனத்தில் ஒரு முழு நக்கலை 'ஆம்' என்று முடித்தார்கள். 2017 நவம்பரில் 280 ஆக்கினார்கள், இடம் கிடைத்தது, நக்கல் கொஞ்சம் தொளதொளவென்று ஆகிவிட்டது என்பது என் சொந்தக் கருத்து.

இதையெல்லாம் கணினிக்குக் கற்றுக்கொடுக்கவும் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்த 15,744 யூடியூப் கமெண்டுகளைத் திரட்டி, இது பாராட்டா, திட்டா, இரண்டும் கலந்ததா என்று மனிதர்களை வைத்துப் பிரித்து 2020-இல் வெளியிட்டார்கள். சினிமா டிரெய்லருக்குக் கீழே வந்த கமெண்டுகள் அவை. அதில் பாராட்டு 10,559, திட்டு 2,037 மட்டும். எனக்கு நம்பவே முடியவில்லை. டிரெய்லருக்கு ரசிகர்கள் வந்து கூவுவார்கள், கணக்கு அப்படித்தான் வரும் என்று பிறகு தோன்றியது. ஆனால் "தலைவர் நடிப்பு வேற லெவல், கொஞ்சம் நடிச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்று ஒருவர் எழுதினால் அதை எந்தப் பெட்டியில் போடுவது?

இன்னொரு கூத்து 'நடுநிலை'. கத்திரிக்காய்ச் சண்டையில் ஒரு நல்ல மனிதர், "ரெண்டும் அவங்கவங்க ருசிதானே" என்று எழுதினார். உடனே "வந்துட்டாருய்யா நடுநிலை" என்று அவரைப் பிடித்துக்கொண்டார்கள். தராசு முள் மாதிரி இருக்க வேண்டும் என்று பாராட்டிச் சொன்ன சொல், இன்றைக்கு இணையத்தில் வசவு. எனக்காகப் பேசியவர்களுக்கு 'முட்டு' என்று பெயர். சாய்கிற சுவருக்குக் கட்டையை முட்டுக் கொடுப்பார்களே, அது. அப்படிப் பார்த்தால் நான்தான் சாய்கிற சுவர். பரவாயில்லை, நல்ல உவமை.

கடைசியாக ஒன்று. சமாதானம் பேசலாம் என்று போன வாரம் ஆம்பூர் முறையில் கத்திரிக்காய் செய்து வீடியோ போட்டேன். எள், வேர்க்கடலை வறுத்து அரைத்து, புளி கரைத்து, எண்ணெய் மேலே மிதந்து வருகிற வரை பொறுமையாக வைத்து இறக்கினேன். கீழே ஒருவர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார். கே, ஏ, ஆர், ஐ. அப்புறம் 'மாதிரி இருக்கு'. கறி மாதிரி இருக்கு! கத்திரிக்காய்க்கு இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா? உடனே ஹார்ட் போட்டு, எல்லாக் கமெண்டுக்கும் மேலே 'பின்' குத்தி வைத்தேன்.

ராத்திரி அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தார். வீடியோவை நிறுத்தி வாணலியைப் பார்த்தார். மறுபடி கமெண்டைப் பார்த்தார்.

"ஏண்டி, கரி மாதிரி இருக்குன்னு எழுதியிருக்கான். அதைப் போய் உச்சியில குத்தி வச்சிருக்க?"

வாணலியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடி கொஞ்சம் கருத்துத்தான் இருந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதியவரிடமே கேட்டேன்: "அண்ணா, கறியா, கரியா?"

பதில் வந்துவிட்டது. ஒரு எழுத்துகூட இல்லை. ஒரே ஒரு கும்பிடு எமோஜி.

அந்தப் 'பின்' அப்படியே இருக்கிறது, எடுக்கவில்லை. அடுத்த வாரம் தால்ச்சா செய்கிறேன், அடி கனமான பாத்திரத்தில்.