தலை தட்டாத படி

நேயர்களுக்கு வணக்கம்.

நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் பாலக்கோடு பக்கம் களத்தில் கேழ்வரகை அளக்கும்போது படியைத் தலை தட்டினால் வாங்குபவரின் முகம் சுருங்கிவிடும். கோபுரமாக அளந்து, மேலே ஒரு கைப்பிடியும் போடுவார்கள். இன்றைக்கும் சந்தையில் தக்காளி வாங்கினால் கொசுறாகக் கொஞ்சம் கறிவேப்பிலை கிடைக்கும்.

போன மாதம் வீட்டில் கத்தரி விதை முடிந்து வைத்திருந்த பழைய பிஸ்கட் உறை ஒன்று கைக்கு வந்தது. பேரனுக்கு அன்று வாங்கியிருந்த அதே பிஸ்கட்டோடு வைத்துப் பார்த்தேன். இரண்டுமே பத்து ரூபாய். நிறம், படம் எதுவும் மாறவில்லை. பழையதில் 70 கிராம், புதியதில் 58. கணக்குப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு விலை ஏறியிருக்கிறது.

இது சட்டப்படி தவறில்லை. பிஸ்கட், டீத்தூள் போன்றவற்றை இன்னின்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்றிருந்த பட்டியலை எடையளவு விதிகளில் 2021-இல் வந்த திருத்தம் நீக்கிவிட்டது. கோதுமை, எண்ணெய் விலை ஏறும்போது கம்பெனியும் என்ன செய்யும்? விலையை ஏற்றட்டும், அதை நான் குறை சொல்லவில்லை. சொல்லாமல் குறைத்ததுதான் எனக்கு வலிக்கிறது. பத்து ரூபாய் நாணயத்தோடு கடைக்கு ஓடிவரும் குழந்தை எடையைப் படித்துப் பார்க்குமா?

அதே திருத்தம் ஒரு நல்லதும் செய்தது. ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்பதையும் உறையில் அச்சிடச் சொன்னது. பொடி எழுத்துதான், ஆனாலும் தேடிப் படியுங்கள்.

உறையில் இருந்த முகவரிக்குக் கடிதம் எழுதினேன். மூலப்பொருள் விலை உயர்வு என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அப்புறம்தான் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரரிடம் பேசினேன். என் கடிதத்தைவிட அவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம். வாரம் ஒருமுறை சரக்கு போட வரும் சேல்ஸ்மேனிடம், "இது போகலைங்க, அடுத்த தடவை குறைச்சுப் போடுங்க" என்று அவர் சொன்னால் அது மேலே வரைக்கும் போய்ச் சேரும்.

அச்சிட்ட எடையைவிட உள்ளே குறைவாக இருந்தாலோ, அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டாலோ அது குற்றம். தொழிலாளர் துறையில் இதற்கென்றே ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். 1915 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். பில்லை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

போன வாரம் அந்தக் கடைக்குப் போனேன். நான் வாய் திறக்கும் முன்பே கடைக்காரர் இரண்டு பாக்கெட்டுகளைத் திருப்பி வைத்தார். "சார், இது கிராமுக்குப் பதினாலு பைசா, இது பதினேழு. எது வேணும்?"

நன்றி, வணக்கம்.