ஏரிக்கரைக் கோட்டையில் ஒரு புனிதரின் அறை

நேயர்களுக்கு வணக்கம். கழுத்தில் சின்னப் பீப்பாயைக் கட்டிக்கொண்டு பனியில் நிற்கும் பெரிய நாயைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். செயின்ட் பெர்னார்ட் நாய். அந்தப் பெயருக்குரிய புனித பெர்னார்ட் பிறந்த இடம் என்று பிரான்சில் ஒரு கோட்டையைச் சொல்கிறார்கள். ஆல்ப்ஸ் மலைப்பகுதியில், ஆன்சி ஏரியின் கிழக்குக் கரைக்கு மேலே, குன்றின்மீது நிற்கும் மாந்தோன் கோட்டை அது.

கூம்பு கூம்பாகக் கூரை வைத்த கோபுரங்கள். டிஸ்னி கோட்டைக்கே இதுதான் மாதிரி என்பார்கள். ஐரோப்பாவில் அப்படிச் சொல்லிக்கொள்ளாத கோட்டை எது? இப்போது கண்ணில் படும் அழகில் பாதி 19-ஆம் நூற்றாண்டில் செய்த சீரமைப்பு.

இது அரசாங்கத்தின் சொத்து அல்ல. இருபது தலைமுறைக்கு மேலாக மாந்தோன் குடும்பத்தார் கையிலேயே இருக்கிறது. அவர்கள் அங்கே குடியிருந்துகொண்டே, ஒரு பகுதியைக் கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். நூறு அறைக்கு மேல் உள்ள வீட்டுக்குக் கூரை மாற்ற என்ன செலவாகும் என்று யோசித்தால், அதில் தப்பு சொல்லத் தோன்றாது.

பலரும் தேடிப்போவது சிற்றாலயத்தையும், பெர்னார்ட் பிறந்ததாகச் சொல்லப்படும் அறையையும்தான். அந்த அறையை இப்போது வழிபாட்டு இடமாக வைத்திருக்கிறார்கள். கதை இதுதான்: வீட்டில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பெர்னார்டுக்கோ துறவியாக ஆசை. கல்யாணத்துக்கு முதல்நாள் இரவு சன்னல் வழியாகக் குதித்தார், வானதூதர்கள் தாங்கிக்கொண்டார்கள், மலை தாண்டி இத்தாலியின் ஆவோஸ்தாவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

இந்தக் கதையை எழுதிவைத்தது அவர் இறந்து சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு. அவர் பிறந்தது மாந்தோனில்தானா என்பதையே வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. ஆனால் ஆவோஸ்தாவில் அவர் தலைமைத் திருத்தொண்டராக, அதாவது ஆயருக்கு உதவியாகத் திருச்சபை வேலைகளைக் கவனிப்பவராக இருந்ததும், 11-ஆம் நூற்றாண்டில் 2,469 மீட்டர் உயரக் கணவாயில் வழிப்போக்கர்களுக்கு ஒரு சத்திரம் கட்டியதும் நிசம். சன்னலில் குதித்ததைவிட எனக்கு இதுதான் பெரிய அதிசயமாகப் படுகிறது. கொள்ளையருக்கும் பனிச்சரிவுக்கும் பயந்து மக்கள் கடந்த வழி அது. 1923-ல் போப் பதினொன்றாம் பயஸ் அவரை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார்.

நாய்கள் அந்தச் சத்திரத்துக்கு வந்தது அவர் காலத்துக்கு ஏறத்தாழ ஆறு நூற்றாண்டு கழித்து. அந்தப் பீப்பாயும் ஓவியர் கைவண்ணம்தான். சத்திரத்தை இன்றும் துறவிகள் நடத்துகிறார்கள். சாலையைப் பனி மூடும் மாதங்களில், பனிச்சறுக்குப் பலகை கட்டி ஏறி வருபவர்களுக்கும் அங்கே இடம் உண்டு.